வலைக்கண் அளவில் என்ன இருக்கிறது? ஏரி, அணை மீன்பிடி விதிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மீன்பிடி விதி என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடல்தான். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் பார்ப்பவர்கள் நாம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அது முடிவதற்கு முன்பே, ஜூன் 1 அன்று, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலை கூடுமா, இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையை யார் தடுப்பது என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது.

அதே மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் இருக்கின்றன. தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் என்று பெரிய குளங்கள் இருக்கின்றன. அங்கேயும் வலை விழுகிறது, மீன் சந்தைக்கு வருகிறது. ஆனால் அந்த வலை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் அவ்வளவாக எழுவதில்லை. என்னைக் கேட்டால், கடலைவிட நன்னீரில்தான் வலைக்கு விதி அதிகம் தேவைப்படுகிறது. ஏன் என்பதையும், அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதையும் முதலிலிருந்து பார்ப்போம்.

ஏரிக்குக் கரை உண்டு

கடலில் சாளை (மத்தி) ஒரு வருடம் குறையும், இன்னொரு வருடம் கூட்டமாக வந்து சேரும். எங்கோ பிறந்த மீன் நம் கரைக்கு வரும். அணையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. நான்கு பக்கமும் கரை, ஒரு பக்கம் மதகு. உள்ளே இருப்பதுதான் இருப்பு.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகளும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாய்ந்து ஓடினால்தான் அவை இனப்பெருக்கம் செய்யும். அதனால்தான் அணைகளிலும் குளங்களிலும் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். விட்ட குஞ்சு உள்ளங்கை அளவு ஆனதும் வலையில் ஏறிவிட்டால் அடுத்த வருடம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. திரும்பவும் குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. நீளம் மட்டுமல்லாமல் அகலமும் தடிமனும் சேர்ந்து வளர்வதால் இப்படி. 20 செ.மீ. கட்லாவைப் பிடிக்காமல் விட்டு, அது 40 செ.மீ. ஆன பிறகு பிடித்தால் எட்டு மடங்கு எடை கிடைக்கும். விட்ட மீன் எல்லாம் பிழைத்திருக்காது என்பது உண்மைதான். நீர்க்காகம் கொத்தும், விரால் விழுங்கும், நோய் வரும். பத்தில் ஐந்து செத்துப்போனதாகவே வைத்துக்கொள்வோம். மீதி ஐந்தும் ஆளுக்கு எட்டு மடங்கு எடையோடு நிற்கின்றன. மொத்தத்தில் நான்கு மடங்கு. கிலோவுக்குப் பெரிய மீனுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்புறம், நம் அணைகளுக்கே உரிய ஒரு விஷயம், தண்ணீர் மட்டம். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. மழைக்காலத்தில் தினமும் செய்தியில் பார்க்கிற எண்கள் இவை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் கொடுத்து முடித்த பிறகு கோடையில் மட்டம் இறங்கும். தண்ணீர் பாதியாகும்போது மீன் பாதியாவதில்லை. அதே மீன் சின்ன இடத்தில் நெருங்கி நிற்கிறது. நவம்பரில் நாள் முழுக்கப் போட்டாலும் பத்து மீன் ஏறாத அதே வலையில் ஏப்ரலில் ஒரு இரவில் அள்ளிக்கொண்டு வரலாம். வலை மாறவில்லை, அதன் பலம் மாறிவிட்டது. ஆகவே அணைக்கு எழுதும் விதியில் வலைக்கண் (வலையின் ஓட்டை) அளவோடு தண்ணீர் மட்டமும் வர வேண்டும். இத்தனை அடிக்குக் கீழே போனால் இத்தனை வலைக்கு மேல் கூடாது என்று இருப்பதுதான் பொருத்தம். வருடம் முழுக்க ஒரே விதி என்பது கடலை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது.

வலை எப்படி மீனைத் தேர்ந்தெடுக்கிறது

நன்னீரில் அதிகம் பயன்படுவது செவுள் வலை. மேலே மிதப்பு, கீழே ஈயம், நடுவில் தண்ணீரில் திரை போலத் தொங்கும். மீன் நீந்தி வந்து தலையை வலைக்கண்ணுக்குள், அதாவது கண்ணிக்குள், விடும். உடம்பின் பருத்த பகுதி நுழையாது. பின்வாங்கினால் செவுள் மூடியில் நூல் மாட்டிக்கொள்ளும்.

சந்தையில் அணை மீன் வாங்கும்போது செவுளுக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். செதில் கொஞ்சம் கிளம்பி, உடம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடியிருக்கும். நூல் இறுக்கிய தடம் அது. சில மீன்களில் முதுகுத் துடுப்புக்கு முன்னால் அந்தக் கோடு சிவந்தே இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி ஒரு நூலைச் சுற்றி அளந்தால், பிடித்த வலையின் கண் அளவை ஓரளவு சொல்லிவிடலாம்.

கண் அளவு என்பது எதை? ஒரு கண்ணியை நீளவாக்கில் இழுத்துப் பிடியுங்கள். இடைவெளி மூடி நூல்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது எதிரெதிரே நிற்கும் இரண்டு முடிச்சுகளுக்கு இடையிலான தூரம்தான் கண் அளவு. அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு இடையே அளந்தால் அதில் பாதிதான் வரும். இந்த இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொண்டால் 50 மி.மீ. என்று ஒருவர் சொல்வதும் 100 மி.மீ. என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே வலையாக இருக்கும். விதியில் எந்த அளவு என்று தெளிவாக எழுதாவிட்டால் கரையில் சண்டை நிச்சயம்.

இழுத்து அளந்து 100 மி.மீ. வரும் கண்ணியின் சுற்றளவு 200 மி.மீ., அதாவது 20 செ.மீ. தலைப் பக்கம் அதைவிடச் சிறுத்தும் நடு உடம்பு அதைவிடப் பருத்தும் இருக்கும் மீன்தான் அதில் மாட்டும். அதைவிடச் சின்னது நுழைந்து போய்விடும். ரொம்பப் பெரியதற்குத் தலையே நுழையாது, முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ரஷ்ய மீன்வள அறிஞர் பாரனோவ் சொன்ன ஒரு தோராயமான விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கண்ணிக்குச் சரியாகப் பொருந்தும் நீளத்திலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அந்த மீன் அந்த வலையில் அரிதாகத்தான் ஏறும். சல்லடை சின்னதை விட்டுப் பெரியதையெல்லாம் நிறுத்திவிடும். செவுள் வலையோ சின்னதையும் விடுகிறது, மிகப் பெரியதையும் விடுகிறது. மீன்வளத்துக்கு இது பெரிய உதவி. பெரிய தாய் மீன் ஒன்று போடும் முட்டை, பல சின்ன மீன்கள் சேர்ந்து போடுவதைவிட அதிகமாக இருக்கும். அது தப்பித்துப் போவது நல்லதுதான்.

இதில் ஒரு சிக்கல். கட்லா பருத்த மீன், தலையும் பெரியது. மிர்கால் ஒல்லி. ஒரே கண்ணியில் மாட்டும் கட்லா நீளம் குறைந்ததாகவும் மிர்கால் நீளமானதாகவும் இருக்கும். கட்லாவைக் காப்பாற்ற அளவைக் கூட்டினால் மிர்கால் கையில் கிடைக்காமல் போகலாம். எந்த மீனுக்காக விதி என்று முடிவு செய்யாமல் ஓர் எண்ணை எழுத முடியாது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டிய விஷயமே இல்லை. சாளை வலை, நண்டு வலை, இறால் வலை என்று வலைக்கு மீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எந்த மீனுக்கு எந்தக் கண் என்ற அறிவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மற்ற வலைகள், மற்ற வழிகள்

எல்லா வலையும் செவுள் வலை போலத் தேர்ந்தெடுப்பதில்லை. கரையிலிருந்து வளைத்து இழுக்கும் பெருவலை, கண்ணி சின்னதாக இருந்தால் கிடைத்ததையெல்லாம் கொண்டுவரும். ஆழம் குறைந்த ஓரங்களில்தான் குஞ்சுகள் மேயும், அங்கேதான் இந்த வலையும் ஓடும். அடிமண்ணையும் பாசியையும் கிளறிவிடுகிறது. உலகின் பல ஏரிகளில் இந்த வகை வலை தடைபட்டிருக்கிறது.

நம் ஊரில் டிஸ்கோ வலை என்று சொல்லும் மூன்றடுக்கு வலையில் மீன் செவுளில் மாட்டுவதில்லை, பைபோலச் சுருண்ட வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் பல அளவு மீன்கள் ஏறும். கண் அளவை மட்டும் வைத்து இதைக் கட்டுப்படுத்த முடியாது.

ஒற்றை நைலான் இழையால் ஆன தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. விலை மலிவு, மீன் அதிகம் ஏறும். ஆனால் அறுந்து தண்ணீரில் தங்கிவிட்டால் மட்காது. பிடிக்க ஆள் இல்லாமலேயே அது மீனைக் கொன்றுகொண்டிருக்கும். மாட்டிய மீனைத் தின்ன வரும் நீர்க்காகமும் ஆமையும் அதிலேயே மாட்டும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. பறவைகளுக்காகப் பெயர் பெற்ற இந்த இடங்களில் கைவிடப்பட்ட தங்கூசி ஒரு துண்டுகூடக் கிடக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மழை தொடங்கியதும் புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். ஓடையின் குறுக்கே தடுப்புக் கட்டிப் பறி என்னும் கூடைப் பொறியை வைத்தால் ஒரே நாளில் கூடை நிறையும். அவ்வளவும் முட்டையிடப் போகிற மீன். பறி என்ற கருவியில் குற்றம் இல்லை. வைத்த இடமும் நேரமும்தான் கேடு. விதியும் அதனால் கருவியோடு நின்றுவிடாமல் எங்கே, எப்போது என்றும் சொல்ல வேண்டும்.

வெடியும் விஷமும் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றமாக்கியது. நிலையாகக் கட்டிவைக்கும் பொறிகளையும் வலைக்கண் அளவையும் முறைப்படுத்தி விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்ததும் அதே சட்டம்தான். வலைக்கண் பேச்சு நேற்று வந்ததல்ல.

விக்டோரியா ஏரி: ஐந்து அங்குலம் போனபோது

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி, பரப்பில் நம் மாவட்டத்தைப் போல நாற்பது மடங்கு. கென்யா, உகாண்டா, டான்சானியா என மூன்று நாடுகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே செவுள் வலை வந்து சேர்ந்தது. ங்கேகே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் திலேப்பியா வகை மீன்தான் முக்கியப் பிடிப்பு. சில ஆண்டுகளிலேயே ஒரு வலைக்குக் கிடைக்கும் மீன் குறையத் தொடங்கியது. 1927–28-இல் மைக்கேல் கிரகாம் என்ற ஆய்வாளர் ஏரியைச் சுற்றி ஆராய்ந்து, ஐந்து அங்குலத்துக்குக் (127 மி.மீ.) குறைந்த கண்ணி வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அது விதியானது.

1950-களில் அந்த விதி கைவிடப்பட்டது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ஒருவர் நாலரை அங்குலத்துக்கு இறங்கினார், அவருக்கு நிறைய மீன். பக்கத்தில் ஐந்து அங்குலம் போட்டவருக்கு வெறும் வலை. அவரும் இறங்கினார். மீன் சிறுக்கச் சிறுக்கக் கண்ணியும் சிறுத்தது. ங்கேகே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச்சும் வேறு திலேப்பியாவும் அதன் அழிவில் பங்கெடுத்தன, பழியை வலைமேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்து எல்லோரும் சேர்ந்து இழந்த கதை இது. விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பெரிய கண்ணி போடும் நல்லவரைத் தோற்காமல் காப்பாற்றத்தான் விதி.

நைல் பெர்ச்சுக்குப் பின்னால் வந்த விதி இன்னும் நுட்பமானது. 50 செ.மீ.க்குக் கீழேயும் 85 செ.மீ.க்கு மேலேயும் உள்ள மீன் தொழிற்சாலைக்குப் போகக் கூடாது என்று அது சொன்னது. கீழே இருப்பது வளரட்டும், மேலே இருப்பது முட்டையிடட்டும் என்ற கணக்கு.

நடைமுறைப்படுத்துவதில்தான் காயம் பட்டது. 2017-இல் உகாண்டா அரசு ஏரியில் ராணுவத்தை இறக்கியது. சட்டத்துக்குப் புறம்பான வலைகளோடு 28 அடிக்குக் குறைந்த படகுகளும் அழிக்கப்பட்டன. பெரிய படகு வாங்க வழியில்லாத சிறு மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். மீனைக் காப்பாற்றும் விதி ஏழையைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றும் விதியாக மாறிவிட்டால் அதை வெற்றி என்று எண்ண என்னால் முடியவில்லை.

அமெரிக்கப் பேரேரிகள்: செலவு யாருடையது?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து பேரேரிகளில் சிக்கல் வேறு மாதிரி. அளவுக்கு மீறிப் பிடித்ததாலும், கால்வாய் வழியாக உள்ளே வந்த லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீனாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் லேக் ட்ரௌட் என்ற மீன் பெரும்பாலான இடங்களில் அற்றுப்போனது. குஞ்சு விட்டு அதை மீட்கப் பார்த்தார்கள். அதே தண்ணீரில் வொயிட்ஃபிஷ் என்ற மீனுக்காகச் செவுள் வலை போட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். கண் அளவை எப்படி மாற்றினாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. செவுள் வலையில் மாட்டிய மீன் பெரும்பாலும் செத்துத்தான் மேலே வரும்.

தீர்வு, பொறி வலை. நீண்ட வேலி வலை மீனை வழிநடத்திக் கூண்டு போன்ற வலைக்குள் விடும். உள்ளே மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை உயிரோடு விடலாம். ஆனால் அதற்குப் பெரிய படகு வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

மிச்சிகன் பகுதிப் பூர்வகுடிகள் 1836 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோது மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுத்துவிடவில்லை. 1979-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே மாநில அரசால் அவர்களிடம் வலையை மாற்று என்று உத்தரவு போட்டுவிட்டுப் போக முடியவில்லை. உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டில், பொறி வலைக்கு மாற முன்வந்த மீனவர்களுக்குப் படகுக்கும் வலைக்கும் மாநிலம் செலவு செய்தது. 2023-இல் வந்த புதிய உடன்பாடு சில பகுதிகளில் செவுள் வலைக்கு மறுபடி இடம் கொடுத்தது. அதை எதிர்ப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த முறை. வலையை மாற்றச் சொன்னவரே செலவில் பங்கு ஏற்றார்.

நம் பேச்சிப்பாறையைச் சுற்றிக் காணி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளில் மீன் எடுப்பதையும் சமூக உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அணைக்கு வலை விதி எழுதும் நாளில் அவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

நம் குளங்களில் குத்தகை என்னும் முடிச்சு

குளங்களில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போகும். குத்தகைக்காலம் சின்னதாக இருந்தால், எடுத்தவர் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். கடைசி மாதத்தில் ஒரு குஞ்சை விட்டுவைத்தாலும் அது அடுத்த குத்தகைக்காரருக்குப் போகும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குத்தகையே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. காலத்தைக் கூட்டி, வலைக்கண் அளவை ஒப்பந்தத்திலேயே எழுதி, முடியும்போது குளத்தில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தால் அவருடைய லாபமும் மீனின் வளர்ச்சியும் ஒரே திசையில் போகும்.

ஜிலேபி கெண்டை (திலேப்பியா) நிறைந்த குளத்துக்குப் பெரிய கண்ணி என்ற விதி பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜிலேபி தேங்கிய தண்ணீரிலேயே வருடத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும். நெருக்கம் கூடினால் வளராமல் குட்டையாகவே முட்டையிடத் தொடங்கிவிடும். பெரிய கண்ணி மட்டும் போட்டால் அது பெருகி, மற்ற மீன்களின் தீனியையும் தின்றுவிடும். அங்கே சின்னக் கண்ணியால் ஜிலேபியைக் குறைப்பதுதான் நல்லது. ஆனால் விட்ட கட்லா குஞ்சுகள் கை நீளம் ஆகும்வரை அந்த வலையை இறக்காமல் இருக்க வேண்டும். ஒரு குளத்தின் மருந்து இன்னொரு குளத்துக்கு விஷமாகும் என்பதால், மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

உங்கள் ஊர்க் குளம் அடுத்த முறை ஏலத்துக்கு வரும்போது கேட்க வேண்டியவை இவை: எந்தெந்த மீன், எத்தனை குஞ்சு விடப்போகிறார்கள், எத்தனை மாதம் கழித்து வலை, எந்தக் கண், யார் அளப்பது. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நனைந்த வலையில் பத்துக் கண்ணிகளை வரிசையாக இழுத்துப் பிடித்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் போதும். ஒரு கண்ணியை மட்டும் அளந்தால் நூல் இழுபடுவதில் தவறு வரும், பத்தில் அது சமமாகிவிடும். வலையின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பழைய வலையில் வேறு கண்ணி வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.